பல்செட்டு அண்ணனும் ரோஸ் கலர் துப்பாக்கியும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இரண்டே வகை. பல்செட்டு அண்ணன் செய்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டு சிரிப்பவர்கள் ஒரு வகை. பல்செட்டை நினைத்துச் சிரிப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. என் பற்கள் இன்னும் என் சொந்தப் பற்களாகவே இருப்பதில் அவருக்கு ஒரு மனவருத்தம் உண்டு. பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ஆடலையா சார்?" என்று புதர் மீசைக்குள்ளிருந்து அக்கறையோடு விசாரிப்பார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். அடையாள அட்டை எண் தெரியும். அப்பாவின் பெயரும் தெரியும். அவருடைய கோப்பு பல வருடங்கள் என் மேசையில் கிடந்தது. ஆனால் வேலையில் இருந்தபோது தெரிந்துகொண்டதை ஓய்வு பெற்ற பின்னும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே ஊர் கூப்பிடுவது போல நானும் பல்செட்டு என்றே எழுதுகிறேன்.

கிள்ளான் பட்டணத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் உட்கார்ந்து, பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். அதனால் மனிதர்களை முகத்தை வைத்து அவருக்கு அடையாளம் தெரியாது. ஒரு கல்யாண விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க."

மரியாதைக்குப் பெரியவர் சிரித்தார்.

"அட, நீங்களா! நம்ம மாடியில செஞ்சதுதான் லா இது. அந்த இடது பக்கத்துல முறுக்கு மட்டும் கடிக்காதீங்க."

அவை சொந்தப் பற்கள் என்று அதுவரை நம்பியிருந்த சம்பந்தி வீட்டார், அப்பளத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெரியவரைப் பார்த்தார்கள். பல்செட்டுக்கு அதெல்லாம் புரியாது. தான் செய்த பல் நன்றாக இருக்கிறது என்ற திருப்தியில் பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

இந்த மனிதருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

அப்போது நான் ஆயுத லைசன்ஸ் பிரிவில் இருந்தேன். விண்ணப்பப் பாரங்களில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. உண்மையைச் சொன்னால் என் பொழுதுபோக்கும் அதுதான். பல்செட்டின் தாய்மாமன் ஒரு காலத்தில் கிள்ளானில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். அங்கேதான் இவர் பழுதுபார்க்கப் பழகி, அதற்கான லைசன்ஸும் வாங்கினார். கடை மூடியதும் பல்லுக்கு மாறினார். லைசன்ஸை மட்டும் விடவில்லை. தவணை தவறாமல் புதுப்பிக்க வந்துவிடுவார்.

முதல் தடவை அவர் நீட்டிய பாரத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்குள், 'பல், துப்பாக்கி' என்று எழுதியிருந்தது.

"ஒரு கட்டத்துல ஒரு தொழில்தான் எழுதணும்," என்று திருப்பிக் கொடுத்தேன்.

அடித்து எழுதினால் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வேண்டும் என்பது விதி. அதைப் போட அவர் மறப்பார், நான் இரண்டாம் முறை திருப்பி அனுப்பலாம் என்று காத்திருந்தேன். மறுநாள் வந்தார். கட்டத்தில் 'துப்பாக்கி' மட்டும் இருந்தது.

"இது புதுப் பாரமா?"

"இல்ல சார், அதே பாரம்தான். மூலையில உங்க காப்பிக் கறை இருக்கு பாருங்க."

கறை இருந்தது. பேனா மையால் எழுதிய 'பல்' மட்டும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விரலால் தடவினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காகிதம் சுரண்டப்பட்ட அடையாளமே கிடையாது. திருத்தம் இருந்தால்தானே நான் கையெழுத்துக் கேட்க முடியும்?

"எப்படிய்யா எடுத்தீங்க?"

"மேல் தோலு போகக்கூடாது சார். வேண்டாதது மட்டும் போகணும். அவசரப்படாம இருந்தா போதும்."

நான் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்திய முதல் பாரம் அது. அன்று மாலை வீட்டுக்குப் போய், மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "பாசார்ல வாங்கிட்டு வர்ற கத்திரிக்காய்க்கு வரவுப் பதிவேடு போடற ஆளோட என்னால இருக்க முடியாது. சனிக்கிழமையாவது எங்கயாவது போங்க." ஆகவே கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நடந்துகொண்டிருந்த ஒரு சிறிய துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கௌரவச் செயலாளர் ஆனேன். போன முதல் மாதமே முப்பத்தொரு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டினேன். அவற்றில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுத அறையில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, பொறுப்பாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது ஒன்று. மாலை ஐந்து மணிக்கு ஆயுத அறை பூட்டப்பட வேண்டும் என்பது மற்றொன்று. அந்தக் கிளப்பின் பழுதுபார்ப்பவர் யாரென்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் விதியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

"சார்! நீங்களா!" என்று ஓடி வந்தார் பல்செட்டு. என்னை எப்படி அடையாளம் தெரிந்தது என்று வியந்தேன். "அந்தக் கீழ் வரிசை, வலது பக்கம் மூணாவது, கொஞ்சம் சாஞ்சிருக்கும். மறக்க முடியுமா?" என்றார்.

கிளப்பில் இருந்தவை மூன்றே கைத்துப்பாக்கிகள். இரண்டு பெரியவை. மூன்றாவது சிறியது. 'குட்டி' என்று பெயர். அந்தக் குட்டியை நம்பி ஓர் ஆள் இருந்தார். கலையரசி. மேருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். முப்பத்தெட்டு வயது, சின்ன உள்ளங்கை, ஆனால் பக்கத்தில் நிற்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்காத அளவுக்குக் குறி வைப்பில் கவனம். மாநிலக் குழுவில் சேர வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. இரண்டு முறை தேர்வுக்குப் போனார். இரண்டு முறையும் குட்டி கைவிட்டது. விசையை அழுத்தும்போது உள்ளே எங்கோ நெறுநெறுவென்று இழுத்து, பிறகு திடீரென்று விடும். அந்த ஒரு நொடி உதறலில் குண்டு எங்கோ போய்விடும்.

"மணல்ல சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கு அங்கிள்," என்றார் என்னிடம். "நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். இது தோத்து, நான் தோக்கறதுதான் தாங்க முடியல."

மூன்றாவது தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்பியவன் நான்தான். சுடப் போகும் துப்பாக்கியின் எண்ணையும் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், பிறகு மாற்ற முடியாது. பெரியவை இரண்டும் அவர் கைக்குள் அடங்கா. ஆக, குட்டி இருந்தால் கலையரசி உண்டு. குட்டி இல்லாவிட்டால் இல்லை.

பழுதில்லை, உள்பாகங்கள் சொரசொரப்பாக இருக்கின்றன, அவ்வளவுதான் என்றார் பல்செட்டு. இரும்பும் இரும்பும் உரசும் இடங்களைப் பளபளப்பாக்கினால் போதும். சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தப் பளபளப்புப் பசை வெளிப்புறத்தில் பட்டால், துப்பாக்கியின் நீலக் கறுப்புப் பூச்சைத் தின்றுவிடும். பட்ட இடம் வெள்ளிக் காசு மாதிரி வெளுத்துப்போகும். வெளுத்த இடம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், எண்ணை அழிக்கப் பார்த்தார்கள் என்ற சந்தேகம் வரும். துப்பாக்கியை விசாரணைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எனக்கு முந்திய செயலாளர் காலத்தில், ஆர்வக் கோளாறு உறுப்பினர் ஒருவர் பழைய டீ சட்டையை வைத்து ஒரு துப்பாக்கியை அப்படித்தான் தேய்த்தார். கிளப்புக்கு நான்காவதாக ஒன்று இருந்த கதை அதோடு முடிந்தது.

சனிக்கிழமை தோறும் வேலை தொடங்கியது. பொறுப்பாளர் உடன் இருக்க வேண்டுமே, ஆகவே நானும் ஆயுத அறையில் உட்கார்ந்தேன். குட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். பஞ்சுக்குச்சியில் கடுகளவு பசை. நான்கு இழுப்பு. துடைத்துப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். பிறகு பாகத்திடம் பேசுவார்.

"கூச்சமா இருக்கா? இருக்கும், இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்க."

"யார்கிட்ட பேசறீங்க?"

"இதுகிட்டதான் சார். உங்களுக்கும் ஏதாவது கூசுதா?"

முதல் சனிக்கிழமை ஒரு கம்பி முடிந்தது. ஒரே ஒரு கம்பி, என் சுண்டு விரல் நீளம். நான் நாளிதழை முழுக்கப் படித்து, விளம்பரங்களையும் படித்து, மரண அறிவித்தல்களில் எழுத்துப் பிழைகளும் திருத்தி முடித்திருந்தேன்.

"உங்க மாடியில மோட்டார் இருக்குல்ல? அதுல கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலைதானே?"

அவர் என்னைப் பார்த்தது போல, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "மோட்டாருக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது சார். சொரசொரப்பை எடுன்னா உருவத்தையே எடுத்துடும்." பிறகு ஒரு சிறு பாகத்தைக் குறட்டால் தூக்கிக் காட்டினார். "இந்த விளிம்பு இருக்கு பாருங்க, இதைப் பஞ்சாலகூடத் தொட மாட்டேன். இதுதான் குண்டைத் தட்டற குதிரையைப் பிடிச்சு வெச்சிருக்கற இடம். இது வழுக்கிடுச்சுன்னா டிரிகரைத் தொடாமலே வெடிக்கும். பக்கத்துல எல்லாம் மழமழன்னு ஆக்கலாம். இது மட்டும் பிறந்தபடியே இருக்கணும்."

நான் எழுதிய முப்பத்தொரு விதிகளில் இவ்வளவு நல்ல விதி ஒன்றுகூட இல்லை என்று எனக்குப் பட்டது.

கலையரசி வேலை முடிந்து, சீருடையோடு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"அண்ணே, எத்தனை முடிஞ்சுது?"

"ரெண்டு."

"போன வாரமும் ரெண்டுதானே சொன்னீங்க?"

"போன வாரம் ரெண்டு முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. இந்த வாரம்தான் நெசமா முடிஞ்சுது."

"நல்லா இருக்கு லா! நீங்க முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆகி, உங்ககிட்டயே பல்லு கட்ட வந்துடுவேன்."

"வா. உனக்குச் சின்னத் தாடை. அழகா வரும்," என்றார் மனப்பூர்வமாக.

ஒரு சனிக்கிழமை கலையரசியை உள்ளே அழைத்து, கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் குனிந்த நேரத்தில் பல்செட்டு தும்மினார். கையிலிருந்த ஸ்பிரிங் பறந்தது. அரிசி மணி அளவு ஸ்பிரிங். அறையின் கதவைச் சாத்தி, மூன்று பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். என் முழங்கால் மருத்துவர் அதைப் பார்த்திருந்தால் என் கோப்பை மூடியிருப்பார். கடைசியில் அது கலையரசியின் கொண்டையில் இருந்து கிடைத்தது. ஆயுத அறையில் எந்தப் பாகம் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது என் பதினொன்றாவது விதி. எழுதினேன்: 'ஸ்பிரிங் ஒன்று, மூன்று பத்து முதல் மூன்று ஐம்பத்தைந்து வரை, உறுப்பினர் ஒருவரின் கூந்தலில் இருந்தது. பின் மீட்கப்பட்டது.'

தேர்வுக்கு இன்னும் எட்டு நாள். கடைசி சனிக்கிழமை. மிச்சம் இருந்தது, மேல் மூடி உள்ளே வழுக்கி ஓடும் இரண்டு வரிப்பள்ளங்கள். அதைத் தேய்க்கும்போது பசை வழிந்து வெளியே வரும். அன்று பல்செட்டு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே பொய்ப்பல்லுக்கு ஈறு வடிவம் செய்யப் பயன்படும் மெழுகுத் தகடுகள். அசல் ஈறு நிறம். சுடுநீரில் தோய்த்து, இளக்கி, குட்டியின் வெளிப்புறம் முழுவதும் அப்பி, கட்டை விரலால் நீவிவிட்டார். கால் மணி நேரத்தில் குட்டியைக் காணோம். அந்த இடத்தில் யாரோ ஒரு ராட்சதனின் கீழ்த்தாடை இருந்தது.

"என்னய்யா இது, ரோஸ் கலர்ல?"

"இனிமே பசை வழிஞ்சாலும் மேல படாது சார்."

"எண்ணையும் மூடிட்டீங்களே! எண் எப்பவும் தெரியணும். விதி பதினாலு."

"எண்ணு இருக்கற இடத்துலதான் பூச்சு ரொம்ப மெல்லிசு சார். அதைத்தான் முதல்ல மூடணும். வேலை முடிஞ்சதும் எடுத்துடுவேன்."

விதி பதினாலுக்கும் மனிதரின் முகத்துக்கும் நடுவே நான் சிறிது நேரம் தத்தளித்துவிட்டு, பதிவேட்டில் 'நிறம்: தற்காலிகமாக இளஞ்சிவப்பு' என்று எழுதிச் சமாளித்தேன்.

நான்கு ஐம்பத்தைந்துக்குப் பள்ளங்கள் முடிந்தன. கண்ணாடி மாதிரி இருந்தன. பல்செட்டு சுடுநீருக்காக ஃபிளாஸ்க்கைத் தேடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து.

"பத்து நிமிஷம் சார். மெழுகை எடுத்துடறேன்."

"ஐந்துன்னா ஐந்து."

"கலையோட துப்பாக்கி சார். பத்தே நிமிஷம்."

"சட்டம் கலைக்கும் ஒண்ணுதான், எனக்கும் ஒண்ணுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் வருடாந்திர ஆய்வு. புதன்கிழமை வந்து எடுத்துக்கலாம்."

அவர் ரோஸ் கலர் குட்டியைப் பெட்டகத்துக்குள் வைத்தார். நான் பூட்டினேன். ரொம்பவும் திருப்தியாக ரயில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வியாழக்கிழமை வர வேண்டிய ஆய்வு திங்கட்கிழமையே வந்தது.

காலையில் தொலைபேசி. ஆய்வு அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி, அட்டவணை மாறியதால் இன்றே வருவதாகச் சொன்னார். நான் பல்செட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு மேருவுக்கு ஓடினேன். அதிகாரியும் ஓர் இளம் கான்ஸ்டபிளும் எனக்கு முன்பே வாசலில் நின்றார்கள். பெட்டகத்தைத் திறந்தேன். பெரியது ஒன்று. பெரியது இன்னொன்று. அப்புறம் தாடை.

கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினார்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"கைத்துப்பாக்கி, புவான்," என்றேன், மலாயில் 'அம்மா' என்று அழைக்கும் மரியாதையோடு. இதைவிட நம்ப முடியாத ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் உச்சரித்ததில்லை.

"எண் எங்கே?"

"உள்ளே."

"எண்ணை மறைத்திருக்கிறீர்கள்."

"பாதுகாத்திருக்கிறோம், புவான்."

"எண் தெரியாத துப்பாக்கியை நான் இங்கே விட்டுப் போக முடியாது. எடுத்துப் போகிறேன். விசாரணை முடிந்த பிறகு பேசுங்கள்."

விசாரணை எத்தனை மாதம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாதையில் ஒவ்வொரு மேசையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரம் பார்த்துக் கலையரசி, செய்தி கேட்டு, ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தோடு வந்து நின்றார். பெட்டகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கான்ஸ்டபிள் உதவுவதாக நினைத்து, சாவிக் கொத்தை எடுத்து மெழுகின் ஓரத்தில் வைத்தார். "சுரண்டிப் பார்த்துடலாமா, புவான்?"

"தொடாதீங்க!"

பல்செட்டு. ஒரு கையில் தலைமுடி உலர்த்தும் மெஷின், சட்டைப் பையில் யாருடையதோ முழு மேல்வரிசை. கான்ஸ்டபிளுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். மலாயில் கெஞ்சினார். "புவான், இரும்பு வேண்டாம். நானே எடுத்துத் தரேன். ஒரு மணி நேரம் கொடுங்க."

"எனக்கு இன்னும் மூன்று இடம் போக வேண்டும், பாக்சிக்," என்றார் அதிகாரி. பெரியவர் என்று மரியாதையாகத்தான் அழைத்தார். ஆனால் கடிகாரத்தையும் பார்த்தார். "விதி தெரியாதவரா நீங்கள்? எண்ணை மூடிப் பூட்டி வைத்தது ஏன்?"

பல்செட்டு என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் புவான். மறந்துட்டேன்," என்றார்.

வாசகர்களே, முப்பது வருடத்துக்கு மேல் நான் பிறர் தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பிழைத்தவன். என் தவறை யாரும் வட்டமிட்டதில்லை. அப்படி ஒன்று நடக்கவும் நான் விட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பொய் சொல்கிறார், புவான். பத்து நிமிடம் கேட்டார். மணி ஐந்து என்று சொல்லிப் பூட்டியவன் நான். தவறு என்னுடையது." பதிவேட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்தபடியே எட்டிப் பார்த்த பல்செட்டு, "சார், 'தவறு'ல மை கொட்டிடுச்சு. எடுத்துத் தரவா?" என்று காதோடு கேட்டார்.

"வேண்டாம். இருக்கட்டும்."

அதிகாரி பதிவேட்டை வாங்கினார். பின்னோக்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மலாயிலும் குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். ஓர் இடத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தார். கலையரசியின் தலையைப் பார்த்தார். மீண்டும் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒரு மணி நேரம்," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பக்கத்து மாமாக் உணவுக் கடையிலிருந்து நுரை பொங்கும் தே தாரிக் டீ வந்தது. பல்செட்டு மெஷினை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இளஞ்சூடான காற்றை வீசினார். மெழுகு வியர்த்தது. நகத்தை ஒட்ட வெட்டிய விரல் நுனியால் ஓரத்தை நெம்பினார். அரை அங்குலம் விட்டது. மீண்டும் சூடு. "வலிக்காது, வலிக்காது," என்றார் குட்டியிடம். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "கண்டுக்காதீங்க தம்பி, அது அப்படித்தான்," என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துகொண்டார்.

ஐம்பதாவது நிமிடம் எண் இருந்த பக்கம், ஒரே தகடாக, கிழியாமல் கழன்று வந்தது. மெழுகின் உள்பக்கத்தில் எண் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. இரும்பில் எண் நேராக நின்றது. ஓர் இலக்கமும் மங்கவில்லை. சுற்றிலும் பூச்சு, மழையில் நனைந்த காக்கையின் கழுத்து மாதிரி, கருநீலமாக மின்னியது. அதிகாரி டார்ச் அடித்து, இலக்கம் இலக்கமாகத் தாளோடு ஒப்பிட்டார். கலையரசி தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அதிகாரி.

பல்செட்டு மிச்ச மெழுகையும் எடுத்து, உலர்த்தி, எண்ணெய் பூசி, அவர் கண் முன்னாலேயே பாகங்களைச் சேர்த்தார். அதிகாரி வாங்கி, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து, சுவர்ப் பக்கம் நீட்டி, விசையை மெல்ல அழுத்தினார். டிக். புருவம் உயர்ந்தது. இன்னொரு முறை அழுத்தினார்.

"யாரிடம் கற்றீர்கள்?"

"வாயில பழகினது புவான்," என்றார் இவர், சட்டைப் பையிலிருந்த மேல்வரிசையைத் தட்டிக் காட்டி.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "என் அம்மாவின் பல் செட் சாப்பிடும்போது டக்டக் என்று சத்தம் போடுகிறது. ஏதாவது செய்ய முடியுமா?"

"ஆய்வு முடிந்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு பேசலாம், புவான்," என்று குறுக்கே புகுந்தேன். இல்லாவிட்டால் அது கையூட்டு போலத் தோன்றும். நான் முழுதாகத் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலம் பக்கம் தேர்வு. குட்டியைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டை மூன்று நகல் எடுத்து வைத்திருந்தேன். கலையரசி தன் இடத்துக்குப் போகுமுன் பல்செட்டு ஒரே ஒரு யோசனை சொன்னார். "கடைவாயை இறுக்காத. நீ இறுக்கினா தோள் ஏறுது. பல்லும் தேயுது."

"என்னண்ணே, இப்பவும் பல்லுதானா?"

"எப்பவும் பல்லுதான்."

பாதிச் சுற்று முடிந்தபோது திரும்பிப் பார்த்தேன். பல்செட்டு பக்கத்தில் இல்லை. சுடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டாராம். ஆகவே முழுவதையும் நான்தான் பார்த்தேன். கலையரசியின் கை உயர்ந்தது, நின்றது, உதறல் இல்லாமல் சுட்டது. மீண்டும் உயர்ந்தது. பார்ப்பவனுக்குச் சலிப்பு வரும் அளவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. அந்தச் சலிப்பைப் போல இனிமையான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

குழுவில் நான்கு பேர். நான்காவது பெயராகப் படித்தார்கள். கலையரசி துப்பாக்கியை முறைப்படி மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அண்ணன்கிட்ட சொல்லுங்க அங்கிள், போங்க, போங்க," என்று என்னை விரட்டினார்.

என் முழங்கால்கள் அனுமதித்த வேகத்துக்கும் மேலேயே ஓடினேன். பல்செட்டு காருக்குப் பக்கத்தில், வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாஸாயிடுச்சு! கலை டீம்ல இருக்கு!"

திரும்பினார். அந்தப் புதர் மீசைக்கு அடியில் எப்போதும் பல் தெரியாமலே பேசும் மனிதர், அன்று முதன்முறையாக வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் இல்லை. ஊருக்கெல்லாம் பல் செய்தவருக்குத் தனக்கு இரண்டு செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எந்த வரிசையிலும் குறை தேடிப் பழகிய என் கண்ணுக்கு, அந்த இடைவெளியில் ஒரு குறையும் தென்படவில்லை.